சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோன காணிக்கை

இந்தியாவிலிருந்து சுவிட்சர்லாந்துக்குப் பணம் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். நானும் ஒருமுறை கொண்டுபோனேன். தொண்ணூறு பிராங்க். அதைக்கூட உரிய இடத்தில் சேர்க்கத் தெரியாமல் நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு சிறிய இறையியல் கல்லூரியில் நான் எபிரேய மொழி கற்பிக்கிறேன். நாற்பது மாணவர்கள், ஆறு ஆசிரியர்கள், மழை பெய்தால் ஒழுகும் ஒரு சிற்றாலயம். 2012 ஜனவரியில் எங்களுக்குச் சம்பளம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. விடுதியில் காலையில் கஞ்சி, மதியம் சோறும் ரசமும், மாலையில் மறுபடியும் கஞ்சி. கஞ்சிக்குத் துவையல் வந்தால் அன்று யாருக்கோ பிறந்தநாள் என்று அர்த்தம்.

முதல்வர் ஞானமுத்து ஐயாவுக்கு ஒரு கொள்கை உண்டு. கல்லூரியின் தேவையைக் கடவுளைத் தவிர வேறு யாரிடமும் சொல்லக் கூடாது. ஒருமுறை பெரிய அரிசி ஆலைக்காரர் ஒருவர் கல்லூரியைப் பார்க்க வந்து, "காலேஜுக்கு ஏதாவது வேணுமா ஐயா?" என்று வாய்விட்டே கேட்டார். ஐயா சிரித்த முகத்தோடு, "எங்களுக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று சொல்லி வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். அன்று மதியம் நான் ரசத்தைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வின்டர்தூர் நகரத்துக்குப் பக்கத்தில் மலைமேல் எங்களுடையதைப் போலவே ஒரு சின்ன இறையியல் பள்ளி இருக்கிறது. அதன் முதல்வர் ஊர்ஸ் முன்பு எங்கள் கல்லூரிக்கு வந்து போனவர். எங்களில் ஒருவர் வந்து மூன்று வாரம் பாடம் நடத்த வேண்டும் என்று எழுதினார். பயணச்சீட்டுக்கு அவருடைய நண்பர் ஒருவர் பொறுப்பேற்றார். எபிரேயம் இல்லாமல் மூன்று வாரத்தைக் கல்லூரி தாங்கிக்கொள்ளும் என்று முடிவாகி, என்னை அனுப்பினார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஐயா என்னைக் கூப்பிட்டு ஓர் உறையை நீட்டினார்.

"பிள்ளைங்க ஒரு வாரமா சாயங்காலம் கஞ்சி வேண்டாம்னுட்டாங்க. அதுல மிச்சமானது இது. நாகர்கோவில்ல தெரிஞ்சவர்கிட்ட குடுத்து பிராங்கா மாத்தி வச்சிருக்கேன். அங்க உள்ள காலேஜுக்கு நம்ம காணிக்கை."

"ஐயா, சுவிட்சர்லாந்துக்கா?"

"ஏன், அந்த ஊர்க்காரங்க காணிக்கை வாங்க மாட்டாங்களா? வெறுங்கையோட எப்படிப் போறது?"

நான் வாங்கி உள்பையில் வைத்துக்கொண்டேன். இன்னொரு உள்பையில் ஐயாவுக்குத் தெரியாமல் நான் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது. சிற்றாலயக் கூரை, வற்றிப்போன போர்வெல், ஆசிரியர் சம்பளம், நூலகத்துக்கு அலமாரி என்று வரிசையாக ஒன்பது தேவைகள். நான் யாரிடமும் எதையும் கேட்கப் போவதில்லை. போகிற இடத்தில் எங்காவது ஒரு மேசைமேல் அதை மறந்து வைத்துவிட்டு வரப்போகிறேன். மறப்பது கொள்கைக்கு விரோதம் என்று ஐயா எங்கும் சொன்னதில்லை.

*

விமான நிலையத்துக்கு ஊர்ஸ் வந்திருந்தார். ஆறடி உயரம், அறுபது வயது, காதை மூடும் கம்பளிக் குல்லாய். ரயிலிலும் பிறகு பேருந்திலும் போனோம். எங்கே பார்த்தாலும் பனி, யாரோ இஸ்திரி போட்டு விரித்தாற்போல. பேருந்தில் ஒரு நாய் தனக்கென்று தனிச்சீட்டு எடுத்துக்கொண்டு வந்தது. அதன் சொந்தக்காரர் பரிசோதகரிடம் இரண்டு சீட்டுகளையும் காட்டினார். எங்கள் ஊர்ப் பேருந்துகளில் ஆடு கோழிகளோடு நான் செய்த பயணங்கள் நினைவுக்கு வந்தன. அவற்றில் மனிதர்களே பாதிப்பேர் சீட்டு எடுத்ததில்லை.

பள்ளி ஒரு பெரிய பழைய மரவீடு. உள்ளே நுழைந்ததும் மரியாதைக்காக என் கோட்டைக் கழற்றினேன். கழற்றியது நான் ஒருவன்தான். ஊர்ஸ், சமையல் பொறுப்பாளர் ஃப்ரேனி அம்மாள், பதினான்கு மாணவர்கள் எல்லோரும் கோட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். வீட்டுக்குள்ளும் கோட்டைக் கழற்றாமல் இருப்பது இந்நாட்டு வழக்கம் போலும் என்று நினைத்து மறுபடி மாட்டிக்கொண்டேன்.

அன்று இரவுச் சாப்பாடு, தோலோடு அவித்த உருளைக்கிழங்கும் ஒரு துண்டு பாலாடைக்கட்டியும். நன்றாகவே இருந்தது. மறுநாள் மதியம் உருளைக்கிழங்கைத் துருவி வாணலியில் தோசைபோல வார்த்துக் கொடுத்தார்கள். அதுவும் நன்றாகவே இருந்தது. இரவில் உருளைக்கிழங்கு சூப். அடுத்த நாள் மதியம் உருளைக்கிழங்கு மசியல். இவர்கள் உருளைக்கிழங்கை மிகவும் நேசிக்கும் மக்கள் என்று வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டேன்.

வகுப்பில் மாணவர்கள் கையுறை போட்டுக்கொண்டு எபிரேய எழுத்துகளை எழுதினார்கள். கையுறை இல்லாமல் எழுதினாலே ஒன்றுபோல் இன்னொன்று தெரியும் எழுத்துகள் அவை. அவர்கள் எழுதியது எனக்குப் பனியில் நடந்த கோழியின் தடத்தைப் போலத் தெரிந்தது. சகிப்புத்தன்மை மிகுந்த மாணவர்கள் என்று அதையும் கடிதத்தில் சேர்த்தேன்.

நான்காம் நாள் காலை ஜெபத்தில் ஒரு மாணவி ஜெர்மனில் உருக்கமாக ஜெபித்தாள். பக்கத்தில் இருந்தவனிடம், என்ன சொல்கிறாள் என்று மெதுவாகக் கேட்டேன். அவன் ஆங்கிலத்தில் சொன்னான்: "உருளைக்கிழங்குக்கு நன்றி சொல்கிறாள். சூட்டைப் பற்றி உமக்கே தெரியும் ஆண்டவரே, நாங்கள் சொல்ல வேண்டியதில்லை என்கிறாள்."

எனக்குச் சுருக்கென்றது. நேரே சமையலறைக்குப் போய் ஃப்ரேனி அம்மாளிடம் கேட்டேன். அவர் கையில் இருந்த கிழங்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

நிலவறையில் இருக்கும் பாய்லர் நின்று இரண்டு வாரமாகிறது. பார்க்க வந்த ஆள், இது பழசு, முழுவதையும் மாற்றுவதே நல்லது என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தத் தொகையைக் கேட்டதிலிருந்து ஊர்ஸ் சரியாகத் தூங்குவதில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு விறகடுப்பு எரிகிறது, மற்ற அறைகளுக்கு ஒன்றும் இல்லை. இலையுதிர் காலத்தில் ஒரு விவசாயி தானமாகக் கொடுத்த கிழங்கு மூட்டைகளில்தான் சமையல் ஓடுகிறது. வரும் திங்கட்கிழமைக்குள் வழி பிறக்காவிட்டால் மாணவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இந்தப் பருவத்தை மூடிவிடுவதாக முடிவு. மூடினால் பிறகு திறப்பது சந்தேகம்.

"யாரிடமும் உதவி கேட்கவில்லையா?" என்றேன்.

"ஊர்ஸுக்கு ஒரு கொள்கை இருக்கிறது" என்றார் ஃப்ரேனி அம்மாள்.

மீதியை அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஏழு கடல் தாண்டி வந்து இன்னொரு ஞானமுத்து ஐயாவிடம் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது.

அறைக்குப் போய் இரண்டு உள்பைகளையும் தடவிப் பார்த்தேன். ஒன்பது தேவைகள் கொண்ட தாளை இந்த வீட்டில் எந்த மேசைமேல் மறந்து வைப்பது? உறையை உடனே கொடுத்திருக்க வேண்டும், அதுதான் நியாயம். ஆனால் ஒரு பாய்லருக்கு எதிரே தொண்ணூறு பிராங்கைக் கொண்டுபோய் வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. சரியான நேரம் பார்த்துக் கொடுக்கலாம் என்று தள்ளிப்போட்டேன்.

*

வியாழக்கிழமை பிற்பகல் வகுப்பு இல்லை. வின்டர்தூரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று ஊர்ஸ் ஒரு பயணச்சீட்டை வாங்கிக் கொடுத்து அனுப்பினார். நகரத்தில் நான் பார்த்தவற்றுள் மனதில் நின்றது ஒரு தமிழ்க் கடை. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் கறிவேப்பிலை வாசனை. சூடாகவும் இருந்தது. எதுவும் வாங்காமல் அரைமணி நேரம் மிளகாய்த்தூள் பாக்கெட்டுகளைப் படித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இரண்டு பெண்கள் காய்கறி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"முருங்கைக்காய் என்ன விலை போட்டிருக்கிறான் பாத்தியே?"

"அதை ஏன் பாக்கிறாய்? கண்ணை மூடிக்கொண்டு கூடைக்குள்ள போடு. பாத்தால் வாங்க மாட்டாய்."

கண்ணை மூடிக்கொள்ளும் அளவுக்கு என்னிடம் விசுவாசம் இல்லாததால் வெளியே வந்தேன்.

திரும்பும் ரயிலில் என் நிலையம் வந்ததும் எழுந்து கதவருகே ஒழுங்காக நின்றேன். ரயில் நின்றது. கதவு திறக்கவில்லை. நம் ஊரில் ரயில் கதவு எப்போதும் திறந்தே இருக்கும், ஓடும்போதும். இது மரியாதை தெரிந்த நாடு, கதவு தானே திறக்கும் என்று காத்திருந்தேன். கதவின் நடுவில் ஒரு பச்சை வட்டம் மினுக்கியது. அழகாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு வட்டம் அணைந்தது, ரயில் கிளம்பியது, என் நிலையம் என்னை விட்டுவிட்டுப் பின்னால் போனது.

அடுத்த நிலையத்தில் இறங்கிவிடலாம் என்று திரும்பினால் எதிரே சாதாரண உடையில் ஒரு பெண் நின்று ஏதோ கேட்டார். மணி கேட்கிறார் என்று நினைத்துக் கைக்கடிகாரத்தைக் காட்டினேன். அவர் தன் அடையாள அட்டையைக் காட்டினார். பரிசோதகர். என் சீட்டு போன நிலையத்தோடு முடிந்துவிட்டது. தொண்ணூறு பிராங்க் அபராதம் என்று ஆங்கிலத்தில், மிகவும் அன்பாகச் சொன்னார்.

கதவு திறக்கவில்லை என்றேன். பட்டனை அழுத்தினீர்களா என்றார். எந்தப் பட்டன் என்று நான் கேட்டதைப் பெட்டியில் இருந்தவர்களெல்லாம் கேட்டார்கள்.

என்னிடம் இருந்தது அந்த உறை மட்டும்தான். ஒரு ஐம்பது பிராங்க் தாளும் இரண்டு இருபது பிராங்க் தாளும். அளவெடுத்துக் கொடுத்தனுப்பியதுபோல இருந்தன. நாற்பது பிள்ளைகளின் ஒரு வாரக் கஞ்சியை எடுத்து அந்த அம்மாளின் கையில் வைத்தேன். அவர் ரசீது கொடுத்து, பயணம் இனிதாகட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

*

அடுத்த நிலையத்தில் கதவருகே நின்றபோது பின்னாலிருந்து ஒரு கை நீண்டு பச்சை வட்டத்தை அழுத்தியது.

"ஐயா, இதை அமத்தினால்தான் திறக்கும். தானாத் திறவாது" என்றது ஒரு குரல்.

ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பெரிய சாக்குப்பை வெங்காயம். பெயர் குகன். வின்டர்தூரில் ஓர் உணவகத்தில் சமையல்காரர். போரின்போது யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன என்று மேடையில் நின்றபடியே சொன்னார்.

"நான் அங்கால இருந்து பாத்துக்கொண்டுதான் வந்தனான். எழும்பி வாறதுக்குள்ள நீங்கள் காசைக் குடுத்திட்டியள். ஏன் உடன குடுத்தனீங்கள்? பேர் விலாசம் எழுதிக்கொண்டு பில் தந்திருப்பினம். பிறகு கட்டலாம்."

அந்த நேரத்தில் அந்தத் தகவல் எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "திரும்பிப் போற ரயிலுக்கு இன்னும் நேரம் கிடக்கு. வீடு பக்கத்திலதான். வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்றார்.

வீட்டில் சூடு என்றால் அப்படி ஒரு சூடு. ஐந்து நாளுக்குப் பிறகு கோட்டைக் கழற்றினேன். குகன் இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் கொடுத்தார். சுவரில் முருகன் படம். அதற்குக் கீழே பட்டச் சான்றிதழ்போல ஒன்று கண்ணாடிச் சட்டத்தில்.

"மகள் எஞ்சினியர்" என்றார்.

அதே சமயம் அந்த மகள் உள்ளே வந்தாள். இருபத்துநான்கு வயது இருக்கும். நீல நிற வேலை உடுப்பு, கன்னத்தில் கரி.

"அங்கிள், நான் எஞ்சினியர் இல்லை. நான் ஹைட்சுங் பூட்டிற வேலை செய்யிறன். வீடுகளைச் சூடாக்கிறது. அப்பா எல்லாருக்கும் எஞ்சினியர் எண்டுதான் சொல்லுறவர்."

"பிள்ளை, அதுவும் ஒரு எஞ்சினியர்தான்" என்றார் குகன், சற்றுத் தணிந்த குரலில்.

கோப்பையைக் கீழே வைத்தேன். வீடுகளைச் சூடாக்குகிறவள். நான் என்ன செய்வது? ஊர்ஸின் கொள்கை ஒரு பக்கம், ஞானமுத்து ஐயாவின் கொள்கை மறுபக்கம். உதவி கேட்கக் கூடாது. ஆனால் வந்த இடத்தில் ஒருவர், "முகம் ஏன் இப்பிடி வாடிக்கிடக்கு? தொண்ணூறு பிராங்குக்காகவோ?" என்று கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது எந்த ஊர் மரியாதை?

சொன்னேன். அந்தப் பணம் யாருடையது, எப்படிச் சேர்ந்தது, யாருக்குப் போக வேண்டியது என்பதையெல்லாம். பாய்லரையும் சொன்னேன். கிழங்கையும் சொன்னேன்.

அபி, அதாவது அந்த மகள், பாய்லரைப் பற்றி மட்டும் கேட்டாள். என்ன வகை, எண்ணெயா, நிற்கும்போது சத்தம் வந்ததா. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குகன் சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேட்டார்.

"ரெண்டு கிழமையா உருளைக்கிழங்கோ?"

"அதற்கு முன்பும் கொஞ்ச நாள் இருக்கும்போல."

"எத்தினை பேர்?"

"பதினான்கு மாணவர்கள். எங்களோடு பதினேழு."

"திரிம்பாக்கில இருக்கிற எங்கட கோயில் திருவிழாவுக்கு நான் முந்நூறு பேருக்குச் சமைக்கிறனான். பதினேழு பேர் ஒரு சமையலோ?" என்றவர், கொஞ்சம் தயங்கி, "நாங்கள் சைவ சமயக்காரர். அவையள் எங்கட கையால சாப்பிடுவினமோ?" என்று கேட்டார்.

"கிழங்கு இல்லை என்றால் யார் கையாலும் சாப்பிடுவார்கள்" என்றேன்.

*

வெள்ளிக்கிழமை காலை ஊர்ஸின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். உறையை முதல் நாளே கொடுக்காததை, அதைக் கொடுக்க வெட்கப்பட்டதை, பச்சை வட்டத்தை, அபராதத்தை. ரசீதை மேசைமேல் வைத்தேன். காணிக்கைக்கு அது ஒன்றுதான் அத்தாட்சி.

ஊர்ஸ் ரசீதை எடுத்துப் பார்த்தார். தோள்கள் குலுங்கின. பிறகு அந்த ஆறடி மனிதர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். ஃப்ரேனி அம்மாள் ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சிரிப்பு ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கள் மாணவர்கள் சாப்பிடாமல் இருந்தா எங்களுக்கு அனுப்பினார்கள்?" என்று கேட்டார். நான் ஆம் என்றேன். அவர் மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தமுறை சிரிக்கவில்லை.

ஒப்புக்கொள்வது என்று ஆரம்பித்தாயிற்று, முழுவதையும் சொல்லிவிடலாம் என்று அந்தத் தாளையும் எடுத்து நீட்டினேன். "இதை உங்கள் மேசைமேல் மறந்து வைப்பதாக இருந்தேன்."

அவர் ஒன்பது தேவைகளையும் நிதானமாகப் படித்தார். பிறகு வேதாகமத்தைத் திறந்து, உள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். ஜெர்மனில் வரிசையாகப் பதினொன்று இருந்தது. முதலாவது பாய்லர் என்று எனக்கே புரிந்தது.

"இதுவரை யாருக்கும் காட்டியதில்லை, ஃப்ரேனிக்குக்கூட" என்றார். "உங்களிடம் காட்டினால் கொள்கையை மீறியதாகாது. உங்களால் எனக்கு எதுவும் கொடுக்க முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும்."

"உங்களாலும் எனக்கு முடியாது" என்றேன்.

வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் யாரிடமும் பண விஷயம் பேசியதில்லை. அவருடைய தாளை நான் வைத்துக்கொண்டு ஜெபித்தேன், என்னுடையதை அவர் வைத்துக்கொண்டு ஜெபித்தார். போர்வெல் என்றால் என்ன என்று நடுவில் நிறுத்திக் கேட்டுத் தெரிந்துகொண்டார். மூச்சு புகையாக வந்துகொண்டிருந்தது.

குகனிடம் எல்லாவற்றையும் உளறிய விஷயத்தை மட்டும் நான் சொல்லவில்லை. ஒரே நாளில் எவ்வளவைத்தான் ஒப்புக்கொள்வது?

*

சனிக்கிழமை காலை ஒரு வெள்ளை வேன் பனியை அரைத்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்தது. அபி கருவிப் பெட்டியோடு இறங்கி, ஊர்ஸிடம் கடகடவென்று அந்த ஊர் ஜெர்மனில் பேசினாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

"நான் கேட்கவில்லை" என்றேன். "அவர்கள் கேட்டார்கள், நான் பதில் சொன்னேன்."

"இந்தியாவில் இதற்கு வேறு சொல் இருக்கிறதா?" என்றார் ஊர்ஸ். ஆனால் நிலவறைக் கதவைத் திறந்துவிட்டார்.

அபி இரண்டு மணிநேரம் கீழே இருந்தாள். இரும்பைத் தட்டும் சத்தம் வந்தது. ஒருமுறை சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் பாய்லரைத் திட்டும் சத்தமும் வந்தது. மாணவர்கள் மாடிப்படியில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எங்கோ ஆழத்தில் பெரிய மிருகம் தூக்கத்திலிருந்து எழுந்தாற்போல ஓர் உறுமல். சுவரோரக் குழாய்கள் டிக் டிக் என்றன. ஒரு மாணவி கையுறையைக் கழற்றிக் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

அபி மேலே வந்து விரல்நுனி அளவுள்ள ஒரு பித்தளைத் துண்டைக் காட்டினாள். "இதுதான் அங்கிள். எண்ணெய் பீச்சிற முனை. அடைச்சுப்போச்சு, புதுசு போட்டிருக்கிறன். பழசுதான், ஆனால் ஒழுங்காத் துடைச்சு வைச்சால் இன்னும் நாலு வரியம் ஓடும்."

ஊர்ஸ் கூலி எவ்வளவு என்று கேட்டார். "இண்டைக்கு எனக்கு லீவு" என்று தமிழில் என்னிடம் சொல்லி, மொழிபெயர்க்கச் சொன்னாள். அவருக்குப் புரியும் மொழியில் தானே பேசினால் அவர் வற்புறுத்துவார், தன்னால் மறுக்க முடியாமல் போய்விடுமாம். நான் மொழிபெயர்த்தேன். கற்ற மொழிகளெல்லாம் எனக்கு உபயோகமான நாள் அது.

அதற்குள் குகன் சமையலறையைக் கைப்பற்றியிருந்தார். வேனிலிருந்து இறங்கிய பாத்திரங்களைப் பார்த்து ஃப்ரேனி அம்மாள் ஒதுங்கி நின்றுகொண்டார். இடியப்பம், சொதி, கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு. வெள்ளைக்காரர்களுக்காக உறைப்பைப் பாதிக்கும் கீழே குறைத்திருப்பதாக என் காதில் சொன்னார். நான் ருசி பார்த்தேன். பாதியே எனக்குக் கண்ணில் நீர் வரவைத்தது.

சாப்பிடுமுன் ஊர்ஸ் எழுந்து நின்று ஜெபித்தார். நீளமான ஜெபம். குகன் கைகூப்பிக் கண்ணை மூடி நின்றார். ஜெபம் முடிந்து எல்லோரும் ஆமென் சொன்னபோது அவர் ஆழ்ந்த குரலில், "ஓம்" என்றார்.

ஊர்ஸ் என் பக்கம் சாய்ந்து, அது அவருடைய மதத்து மந்திரமா என்று கேட்டார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. குகனிடமே கேட்டேன்.

"மந்திரமில்லை ஐயா. அவர் ஏதோ நல்லதாத்தானே கேட்டவர்? அதுக்கு நான் ஓம் எண்டனான்."

யாழ்ப்பாணத்தில் ஓம் என்றால் ஆமாம். பத்தொன்பது வருடங்களாக நான் ஒவ்வொரு முதலாண்டு வகுப்பிலும் ஆமென் என்ற எபிரேயச் சொல்லுக்குக் கரும்பலகை நிறைய விளக்கம் எழுதிவந்திருக்கிறேன். ஊர்ஸிடம், "அவரும் ஆமென்தான் சொன்னார்" என்றேன்.

பிறகு சாப்பிட்டார்கள். முதல் கவளத்தில் மேசை அமைதியானது. இரண்டாவதில் ஒருவன் கோட்டைக் கழற்றினான். மூன்றாவதில் வரிசையாக எல்லோரும் கழற்றினார்கள். அது பாய்லரின் வேலையா கோழிக்கறியின் வேலையா என்று இன்றுவரை அங்கே ஒரு விவாதம் இருக்கிறது. ஊர்ஸ் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். ஃப்ரேனி அம்மாள் சொதியைக் கோப்பையில் ஊற்றிக் குடித்துவிட்டு, இதில் கிழங்கு இல்லையே என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

புறப்படும்போது குகன் என்னை வேனுக்குப் பக்கத்தில் கூட்டிப்போய்க் கையில் எதையோ திணித்தார். பார்த்தால் ஒரு ஐம்பதும் இரண்டு இருபதும்.

"இது நான் உங்களுக்குத் தாறதில்லை. உங்கட பிள்ளையள் சாப்பிடாமல் சேர்த்த காசு ரயிலுக்குப் போனது எனக்கு மனசு கேக்கேல்லை. அவையின்ர பேரைச் சொல்லி ஊர்ஸ் ஐயாட்டைக் குடுங்கோ."

"நீங்கள் எதற்கு? அது என் முட்டாள்தனம்."

"ஓம், அது முட்டாள்தனம்தான்" என்றார் குகன் மரியாதை குறையாமல். "ஆனால் நாங்கள் இஞ்ச வந்த முதல் குளிர்காலம் எங்கட சாமான் முழுக்க ஆரோ தந்ததுதான். ஆர் எண்டு இண்டைக்கும் தெரியாது. தெரியாத ஆளுக்கு எப்பிடித் திருப்பிக் குடுக்கிறது? இப்பிடித்தான்."

இந்த முறை நான் ஒரு நிமிடமும் தள்ளிப்போடவில்லை. ஓடிப்போய்ப் பனியில் வழுக்கி, எழுந்து, ஊர்ஸின் கையில் கொடுத்தேன்.

திங்கட்கிழமை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மாறாக ஃப்ரேனி அம்மாள் கடைக்குப் போனார். அன்று மதியம் பதினான்கு மாணவர்களுக்கும் ஆளுக்கு ஒரு முழு நீள இறைச்சிச் சாசேஜ், கடுகுச் சாந்தோடு. எங்கள் கல்லூரியின் காணிக்கை அது என்று ஊர்ஸ் எழுந்து நின்று அறிவித்தார். மெதுவாக, சிறு சிறு துண்டாக வெட்டிச் சாப்பிட்டார்கள்.

*

மூன்று வாரம் முடிந்து நான் ஊருக்குத் திரும்பியபோது ஒரு மாற்றமும் இல்லை. சம்பளம் வரவில்லை. ஏப்ரலில்தான் வந்தது, அதுவும் நாங்கள் யாரும் எதிர்பாராத ஒரு பக்கத்திலிருந்து. அது வேறொரு நீண்ட விவகாரம். போர்வெல் அடுத்த ஆண்டு. கூரை இன்னும் ஒழுகுகிறது.

ஞானமுத்து ஐயாவிடம் முதலில் அபராதத்தைச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த ரயில்காரங்களுக்கு என்ன கஷ்டமோ" என்றார். பிறகு, மாலை ஆராதனையில் எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் நானே சொல்ல வேண்டும் என்றார்.

சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. பட்டன் கதைக்குச் சிரித்தார்கள். பாய்லர் எரிந்த இடத்தில் கைதட்டினார்கள். அவர்கள் கொடுத்த காணிக்கை கடைசியில் என்ன ஆனது என்ற இடம் வந்தபோது நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மாலைக் கஞ்சிக்கு இன்னும் மணி அடிக்கவில்லை, எல்லோரும் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். நூலகத்துக்குப் புத்தகம் வாங்கினார்கள் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"சாசேஜ் வாங்கிச் சாப்பிட்டார்கள்" என்றேன்.

பின்வரிசையில் இறுதியாண்டு மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"எல்லாருக்கும் பத்துச்சா சார்?"

"ஆளுக்கு ஒரு முழுசு" என்றேன்.

நாற்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், ஏதோ தாங்களே பரிமாறிவிட்டு வந்தவர்களைப் போல.